எண்ணூறு பேருக்கு ஒரே அண்டா

காலை நாலரை மணிக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில், ஓர் அண்டாவைக் குட்டியானை வண்டியில் ஏற்ற ஆறு ஆட்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். சின்னசேலத்தில் இயற்பியல் நடத்திப் பழகிய வாய், விடியற்காலை என்றால் மட்டும் சும்மா இருக்குமா? அடி உருண்டை, ஆடும், கவிழ்த்து ஏற்றுங்கள் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. நிமிர்த்தியே ஏற்றினார்கள். பக்கப் பலகைக்கு மேலே இரண்டு முழம் துருத்திக்கொண்டு நின்றது. நான் உள்ளே உட்கார்ந்தால் தலை வெளியே தெரியாது. அவ்வளவு பெரிய பித்தளை அண்டாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

அண்டாவுக்குச் சொந்தக்காரர் காசிம் பாய். அந்தத் தெருவில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். அண்டாவை மலைக்குத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கூடவே வருகிறேன் என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார். சமைக்கப்போகிறவன் என் தம்பி செல்வம். கருணாபுரத்தில் வீடு, கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் கூப்பிடுவார்கள். இருநூறு பேர், முந்நூறு பேர் வரைக்கும் அவன் கை நிதானமான கை. அதற்கு மேல் போனதில்லை.

விஷயம் இதுதான். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஊர். பெயரை எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்களே கேட்டுக்கொண்டார்கள். அடுத்த வருடம் இன்னும் கூட்டம் சேர்ந்துவிடுமாம். சித்திரையில் அங்கே சாமி கும்பிடும் நாளன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. பொதுவில் ஒரே பானையில் சாமைச் சோறு வேகும். ஊர் முழுக்க அந்தச் சோற்றைத்தான் சாப்பிட வேண்டும். குழம்பை எத்தனை பாத்திரத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சோறு மட்டும் ஒரே பானை. அதற்கென்று ஒரு செப்புப் பானை வைத்திருக்கிறார்கள். இருநூறு பேருக்குக் காணும். ஆனால் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் இப்போது குடும்பத்தோடு திருவிழாவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த வருடம் எண்ணூறு பேர் என்று கணக்கு. பானையை இரண்டாக்க முடியாது. அதனால் கீழேயிருந்து பெரிய அண்டாவும் அதைக் கையாள ஒரு சமையல்காரரும் வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, அது சுற்றிச் சுற்றி என் தம்பியிடம் வந்து சேர்ந்தது.

சோறு கெட்டால் எண்ணூறு பேருக்கும் மறுநாள் காலை வரை பட்டினி. வீட்டில் போய் ஒரு பிடி அரிசி போட்டுக்கொள்ளவும் வழி கிடையாது. செல்வத்தின் பெயரும் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அவனுக்கு முன்னால் இறங்கி வந்துவிடும்.

அவன் போட்டிருந்த கணக்கு எனக்கு முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரியவந்தது. அந்த ஊர்ப் பானைக்கு எவ்வளவு சாமை, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்று கேட்டு வாங்கி வைத்திருந்தான். எல்லாவற்றையும் நாலால் பெருக்கிவிட்டான். சாமை நாலு மடங்கு, தண்ணீர் நாலு மடங்கு, விறகு நாலு மடங்கு. சோற்றைப் பிசைந்த கையோடு, இது உருப்படாது என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. கோடை விடுமுறைதானே, நீயே வந்து பார் என்றான். வருகிறேன் என்றேன். அப்படித்தான் நான் இந்தப் பயணத்தில் ஏறினேன்.

காலை 5.40. கச்சிராயபாளையம். வண்டியின் மீட்டரில் பதினைந்து கிலோமீட்டர் ஓடியிருந்தது. டீ பன்னிரண்டு ரூபாய், டம்ளர் மட்டும் சின்னது. பின்னால் அண்டாவோடு உட்கார்ந்து வந்த காசிம் பாயும் செல்வமும் இறங்கி வந்தார்கள். நான் விட்ட இடத்தில் பிடித்தேன். தண்ணீர் ஆவியாகப் போவது மேற்பரப்பு வழியாகத்தான். கொள்ளளவு நாலு மடங்கானால் வாய் நாலு மடங்காகிவிடாது. இரண்டரை மடங்குதான் ஆகும். அப்படியிருக்க நாலு மடங்கு தண்ணீர் எதற்கு? கூழ் காய்ச்சவா?

செல்வம் டீயை உறிஞ்சிக்கொண்டே, ஐந்து பேருக்குச் சமைப்பதும் ஐம்பது பேருக்குச் சமைப்பதும் ஒரே வேலைதான், ஐநூறு என்றால் அது வேறு வேலை, அது தனக்கும் தெரியும் என்றான். தெரிந்தவன் எதற்காக நாலால் பெருக்கினாய் என்று கேட்டேன். வேறு எதால் பெருக்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அது நியாயமான பதில்தான்.

காசிம் பாய் என் பக்கம் சாய்ந்தார். அவருக்கும் இந்தச் சங்கடம் உண்டாம். சின்ன அண்டாவுக்குப் போடும் தகட்டிலேயே பெரிய அண்டா அடித்தால், இரண்டு கல்யாணத்தில் அடி தொப்பை விழுந்துவிடும். அதனால் உருவம் வளர வளரத் தகட்டின் தடிப்பையும் ஜாஸ்தி பண்ணிக்கொண்டே போக வேண்டும். இந்த அண்டா சும்மாவே மூன்று ஆள் கனம் என்று பெருமையாகச் சொன்னார். கனத்தைச் சொல்லும்போது சில பேருக்குத் தங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வது போல முகம் மலர்ந்துவிடுகிறது.

அந்த டீக்கடையில்தான் வசந்தா வண்டியில் ஏறினாள். மலையில் வேலை பார்க்கும் கிராம செவிலியர். முப்பது வயது இருக்கும். வெள்ளிமலை பஸ்ஸை விட்டுவிட்டாள். ஓட்டுநர் முருகேசனுக்குத் தெரிந்த பெண். முன்சீட்டில் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

காலை 6.30. கோமுகி அணையைத் தாண்டி, பரிகம் தாண்டி, மலைப்பாதை. அணையில் தண்ணீர் அடியில்தான் கிடந்தது, சித்திரை அல்லவா. வளைவுகள் ஆரம்பித்ததும் முருகேசன் பேச்சை நிறுத்தினார். நாலாவது வளைவில் வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. கவிழ்த்து ஏற்றச் சொன்னேனே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். வளைவு முடிந்ததும் அவரே சொன்னார்.

“கனம் ஒண்ணும் பண்ணாது டீச்சர். நெல்லு மூட்ட எத்தினி வேணா ஏத்துங்க, வளைவுல அப்பிடியே குந்திக்கும். ஒசரமாக் கீற சாமான்தான் வண்டியப் புடிச்சி இழுக்கும். எனக்குப் பெரிசுன்னா ஒசரந்தான்.”

வசந்தாவுக்குப் பெரியது வேறு. மலையில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று பிரித்துச் சொல்கிறார்களே, எது பெரியது என்று கேட்டேன். உயரத்தை வைத்துச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். எந்தப் பக்கத்தில் ரோடு இல்லாத ஊர் அதிகமோ அந்தப் பக்கம்தான் பெரியது என்றாள். நடந்து பார்த்தவளுக்கு வேறு கணக்கு எதற்கு?

பிறகு செல்வத்தின் நாலு மடங்கு கதையை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தைகள் விஷயத்தில் தாய்மார்கள் செய்யும் தவறும் இதுதான் என்றாள். பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை, அப்படியானால் பிள்ளைக்கு அரை என்று உடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை என்பது பாதி ஆள் அல்ல. பிறந்த குழந்தை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. துணியைச் சுற்றாமல் விட்டால் சீக்கிரம் சில்லிட்டுப்போகும். பெரிய உடம்பு அப்படியில்லை, சூட்டை லேசில் விடாது. இதை அவள் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அண்டா ஞாபகம் வந்துவிட்டது. நான் தண்ணீரைப் பற்றி மட்டும் யோசித்திருந்தேன். சூட்டைப் பற்றி யோசிக்கவில்லை. அண்டாவும் ஒரு பெரிய உடம்புதானே.

காலை 8.15. வெள்ளிமலை. கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. காற்று குளிர்ந்துவிட்டது. நாங்கள் போகும் ஊருக்கு வந்துதான் அன்று தடுப்பூசி போடப்போவதாக வசந்தா சொன்னாள், அதனால் எங்களோடேயே வந்தாள். அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. அதில் காசிம் பாய் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார்.

காலை 9 மணி. ஊர். சரிவில் ஓட்டு வீடுகளும் தொகுப்பு வீடுகளும் கலந்து கிடந்தன. ஒரு கூரையிலிருந்தும் புகை வரவில்லை. காலை நேரத்தில் புகை வராத ஊரைப் பார்ப்பது என்னவோ போல இருந்தது. பலா மரத்தடியில் மூன்று பாறைக் கற்களை அடுப்பாக உருட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் குப்பாயி நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது. இதுவரை செப்புப் பானையில் ஊருக்குச் சமைத்தவர் அவர்தான். அண்டா இறங்கியதும் அதை ஒருமுறை சுற்றி வந்தார். என் தம்பியையும் ஒருமுறை சுற்றி வந்தார். அண்டாவைப் பிடித்திருந்தது, தம்பியைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்று எனக்குப் பட்டது.

முறைகளை அவர் சொன்னார். சாமை முக்காலே மூணு வீசம் வெந்ததும் மூடியை வைத்து வெள்ளைத் துணியால் கட்டி, விளிம்பில் மாவு பூசிவிட வேண்டும். ஊர் முழுக்க மேளத்தோடு மலைக்கோயிலுக்குப் போய்ச் சாமியை அழைத்துவரும். போய்வர இரண்டு மணி நேரம் ஆகும். சாமி வந்து நின்ற பிறகுதான் மூடி திறக்கும். நடுவில் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. செப்புப் பானையில் அந்த இரண்டு மணி நேரத்தில் சோறு அளவாகப் புழுங்கி, இளஞ்சூட்டோடு இருக்குமாம்.

கேட்டதும் எனக்குச் சட்டென்று உறைத்தது. செப்புப் பானை இரண்டு மணி நேரத்தில் ஆறிவிடும். இந்த அண்டா ஆறாது. முக்கால் பதத்துக்கு மேல் மூடினால், உள்ளே இருக்கிற சூடே இரண்டு மணி நேரம் சமைத்துக்கொண்டிருக்கும். சாமி திரும்பி வரும்போது எண்ணூறு பேருக்குக் களி தயாராக இருக்கும். செல்வத்தைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னேன். பாதி வெந்ததுமே நெருப்பை இழுத்துவிட்டு மூடு என்றேன்.

“இன்னாக்கா சொல்ற? பாதியில எறக்கினா நடுவுல ஊசி மாதிரி நிக்கும். தொறந்து பாக்கவும் வுட மாட்டாங்க. எண்ணூறு பேரு பல்லு ஒடைஞ்சா நீயா பதில் சொல்லுவ?”

சொல்லுவேன் என்றேன். அவன் நம்பவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

காலை 10.30. உதவிக்கு வந்தது சாமை. களைந்து கல் அரித்துக்கொண்டுவருவதற்குப் பெண்களுக்கு நேரமாகிவிட்டது. அதற்குள் அண்டாவில் உலை கொதித்துவிட்டது. பக்கத்து அடுப்பில் மொச்சைக் குழம்புக்குச் சின்னப் பாத்திரம் ஒன்றில் வைத்த தண்ணீரும் கொதித்துவிட்டது. விறகை வீணாக்குவானேன் என்று இரண்டு அடுப்பிலிருந்தும் செல்வம் நெருப்பை இழுத்துவிட்டான். அரை மணி கழித்துச் சாமை வந்தது. நான் அவன் கையைப் பிடித்துக் குழம்புப் பாத்திரத்துத் தண்ணீரில் விரலை வைக்கச் சொன்னேன். வைத்தான், தாங்கியது. அண்டா பக்கம் கொண்டுபோனேன். அருகில் போகும்போதே ஆவி முகத்தில் அடித்தது. அவனே கையை இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் இரண்டு பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, உலையில் இன்னும் ஊற்ற எடுத்து வைத்திருந்த தண்ணீரில் ஆறு குடத்தை ஒதுக்கி வைத்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவனுக்கு இன்னொரு பயம் இருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை. அடியிலும் நடுவிலும் சூடு நிற்கும், சரி. மேலே மூடியை ஒட்டியிருக்கும் சோறு? மூடியில் மலைக்காற்று படுமே. மேலே நாலு விரல் கனத்துக்கு வேகாமல் நின்றுவிட்டால்? அந்த மேல்சோற்றைத்தான் முதலில் எடுத்துச் சாமிக்கு வைப்பார்களாம். சாமிக்கு அரைவேக்காடா என்றான்.

பதில் காசிம் பாயிடம் இருந்தது. அதுவரை அண்டாவின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், இது ஒரு விஷயமா என்பது போல நிமிர்ந்தார். “மூடி மேல தணல் கொட்டு தம்பி. பிரியாணிக்குத் தம் போடுறதில்லியா? கீழ சூடு கம்மி, மேல சூடு ஜாஸ்தி. அம்புட்டுத்தான்.”

எல்லாரும் குப்பாயியைப் பார்த்தோம். சாமிச் சோற்றின் மேல் நெருப்பு வைக்கலாமா, கூடாதா? அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பெரியவர்களிடம் மெல்லிய குரலில் பேசினார்.

“தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. மேல நெருப்பு வைக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல. வச்சிக்குங்க,” என்றார்.

நண்பகல் 12. செல்வம் துடுப்பால் அடிவரை கிளறிச் சாமையை எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கினான். நான் பாதி என்று சொல்லியிருந்தேன். அவன் இன்னும் இரண்டு கொதி விட்டான். மறுபடி நசுக்கினான். அது அவன் வேலை, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். “இழு” என்று ஆட்களுக்குச் சைகை காட்டினான். அடுப்பிலிருந்து கொள்ளிகளை இழுத்தார்கள். மூடி, துணி, மாவு. துணி கருகாமலிருக்க மூடியின் மேல் ஈரமண்ணைப் பூசி, அதன் மேல் தணலைக் கொட்டினார்கள். மேளம் கிளம்பியது. ஊர் முழுக்க மலையேறியது. வசந்தாவும் முருகேசனும்கூடப் போனார்கள்.

நாங்கள் மூன்று பேரும் அண்டாவோடு உட்கார்ந்திருந்தோம். காசிம் பாய் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். செல்வம் உட்காரவில்லை. அண்டாவின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைப்பான், எடுப்பான், சுற்றி வருவான், மறுபடி வைப்பான். நோயாளியின் பக்கத்தில் நிற்கிறவன் மாதிரி இருந்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு ஆசை: ஆயிரம் பேர் பந்திக்குச் சமைக்கிற ஆளாக வேண்டும். சேலத்திலிருந்து வந்து பெரிய மண்டபங்களில் கரண்டி பிடிக்கிற மாஸ்டர்களை வாசலில் நின்று பார்த்தவன். எனக்கு என் கணக்கில் நம்பிக்கை இருந்தது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கிறபோது, கணக்கு தப்பினால் கஷ்டப்படப்போவது நான் இல்லை, இவன்தான் என்று தோன்றியது.

பிற்பகல் 2.15. சாமி வந்து நின்றது. தணலைத் தள்ளி, மண்ணைத் தட்டி, துணியை அவிழ்த்தார் குப்பாயி. மூடியைத் தூக்க நாலு பேர். ஆவி மரத்தின் கிளை வரைக்கும் எழும்பியது. செல்வம் கரண்டியை நடுவில் செருகி எடுத்தான். சாமை ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்தது. மேலே இருந்ததை எடுத்து நசுக்கினான், அதுவும் வெந்திருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். காசிம் பாய் என்னிடம், பார்த்தீர்களா என் தம் வேலையை என்றார். பார்த்தேன் என்றேன். என் பங்கைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சாமிக்குப் படைத்தாயிற்று. சரிவு முழுக்க வரிசை வரிசையாக மந்தாரை இலை தைத்துப் போட்டிருந்தார்கள். ஜனங்கள் உட்கார்ந்தார்கள். இங்கேதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்டா நாலு மடங்கு பெரியது. அதன் வாயைச் சுற்றி இரண்டு பேர்தான் நின்று அள்ள முடியும். அவர்கள் கூடையில் அள்ளிக் கொடுக்க, இளைஞர்கள் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். செப்புப் பானையிலிருந்து இருநூறு பேருக்கு அள்ளியதும் இரண்டு பேர்தான். ஆக, பரிமாறும் நேரம்தான் சரியாக நாலு மடங்கு. என் கணக்கில் பானை இருந்தது, பந்தி இல்லை. செல்வத்தின் கணக்கிலும் இல்லை.

பரிமாறியவர்கள் கடைசியில் நிற்க மாட்டார்கள் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். ஒரு வரிசைக்குப் பரிமாறி முடித்தவன் அந்த வரிசையிலேயே ஓர் இலையின் முன் உட்கார்ந்துவிடுவான். கூடை அடுத்தவன் கைக்குப் போகும். அதைவிட ஆச்சரியம், முதல் இலைக்குச் சோறு விழுந்து அரை மணி ஆகியும் அங்கே யாரும் கை வைக்கவில்லை. பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்த வசந்தாவிடம் கேட்டேன். கடைசி இலைக்கு விழுகிற வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள் என்றாள். இருநூறு பேராக இருந்தபோது அது சீக்கிரம் முடிந்திருக்கும். இப்போது எண்ணூறு. முந்தின ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் தின்னாத ஜனங்கள். காற்று வேறு வீசியது. எதிர் வரிசையில் ஒரு குழந்தை இலையை நோக்கிக் கையை நீட்டியது. அதன் அம்மா கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கதை சொன்னாள். அதற்கு மட்டும் ஒரு வாய் ஊட்டியிருக்கலாமே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. யாரும் ஊட்டவில்லை. யாரும் முணுமுணுக்கவுமில்லை.

காசிம் பாய்க்கு விழுந்தது. முருகேசனுக்கு, எனக்கு. கடைசி வரிசை முடிந்தது. குப்பாயி கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். சரிவு முழுக்க அமைதி. எண்ணூறு இலையிலும் சோறு, எண்ணூறு பேரும் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அண்டா பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வம் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வேகமாக என்னிடம் வந்து குனிந்தான். வேர்த்து ஊற்றியது.

“அக்கா, எல்லாருக்கும் போட்டாச்சி. ஒருத்தரும் கை வைக்க மாட்டேங்கிறாங்க. ஆறிப்போச்சின்னா? இல்ல, சோத்துல ஏதாச்சும்… போச்சிக்கா.”

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. முதல் வரிசைச் சோறு சில்லிட்டுத்தான் போயிருக்கும். அதற்காகக் கோபமா? குப்பாயியைப் பார்த்தேன். அவர் கூடையைத் தாண்டி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். கையில் ஓர் இலை.

“இன்னும் ஒரு எல பாக்கி இருக்குது,” என்றார்.

செல்வம் சரிவைத் திரும்பிப் பார்த்தான். யாருக்கு விட்டுப்போனது என்று வரிசை வரிசையாகத் தேடினான். “யாருக்கும்மா? சொல்லுங்க, போட்டுட்றேன்.”

“உனக்குத்தாம்பா. நீ குந்தாம யாரு சாப்புடுவாங்க?”

அவன் அசையவில்லை. அவனுக்குப் பழக்கமில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் சமையல்காரன் எப்போது சாப்பிட்டான் என்று யாருக்குத் தெரியும்? மண்டபம் காலியான பிறகு, கொல்லைப்பக்கம் கவிழ்த்த அண்டாவின் மேல் உட்கார்ந்து, மிஞ்சியதைத் தின்பான். நாலு மணிக்கும் தின்பான், ஐந்து மணிக்கும் தின்பான். நான் சமைக்கிறவன், எனக்கு அப்புறம் ஆகட்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு என்னென்னவோ சொன்னான். குப்பாயி கேட்டுக்கொண்டே இலையை என் பக்கத்தில் போட்டார். தானே கரண்டியை அவன் கையிலிருந்து வாங்கி, அண்டாவிலிருந்து சோற்றை அள்ளிவந்து வைத்தார். தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். செல்வம் உட்கார்ந்தான்.

அதன் பிறகு எண்ணூறு கைகளும் ஒன்றாகச் சோற்றில் இறங்கின. எந்த மணியும் அடிக்கவில்லை, யாரும் ஒன்று சொல்லவுமில்லை. என் சோறு சூடாகவே இருந்தது. முதல் வரிசையில் அது எப்படி இருந்ததோ தெரியாது. அவர்களும் எங்களைப் போலவே குனிந்து தின்றுகொண்டிருந்தார்கள். செல்வம் முதல் உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது. மொச்சைக் குழம்பு காரம் என்று சொன்னான். அது காரமே இல்லை.

மாலை 5 மணி. கிளம்பினோம். அண்டாவைக் கழுவித் துடைத்து ஏற்றினார்கள். இந்தத் தடவை கவிழ்த்து ஏற்றினார்கள். காசிம் பாயே சொன்னார். குப்பாயி வண்டியருகே வந்து, அடுத்த சித்திரைக்கும் இதே அண்டா என்று காசிம் பாயிடம் சொன்னார். அள்ளுவதற்கு வாய் அகலமாக ஒன்று இருந்தால் தேவலை என்று நான் இடையில் மூக்கை நுழைத்தேன். அது எதற்கு, கொஞ்சம் காத்திருந்தால் குறைந்தா போய்விடுவோம் என்று குப்பாயி கேட்டார். மலையிறங்கும்வரை செல்வம் பின்னால் அண்டாவின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தான்.

அடுத்த முகூர்த்தத்தில் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணம். சமையல் என் தம்பிதான், ஐநூறு பேர். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப் பந்தி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. இலையில் உப்பு விழும்போதே மூன்றாம் பந்திக்காரர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள். என் நாற்காலிக்குப் பின்னால் சரிகை வேட்டி கட்டிய ஒருவர் நின்றார். அவர் மூச்சு என் பின்கழுத்தில் பட்டது. இலையில் எல்லாம் விழுந்துவிட்டது. நான் இன்னும் கை வைக்கவில்லை. எழுந்து, நீங்களே உட்காருங்கள் என்று அவரிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் உட்கார்ந்துகொண்டார்.

கொல்லைப்பக்கம் போனேன். செல்வம் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இன்னும் இரண்டு பந்தி இருக்கிறதே என்றான். நான் அங்கே கிடந்த இலைக்கட்டிலிருந்து இரண்டு இலை எடுத்துத் தரையில் போட்டு, ஒன்றின் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அவன் ரசத்தை இறக்கிவிட்டு வருகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.